சாக்ரடீஸுக்காகச் செய்த கால வண்டி

வெள்ளி நிறப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. தொட்டால் விரல் ரேகை பதிந்தது, கையை முகர்ந்தால் பெயிண்டில் கலக்கிற தின்னரின் வாசனை மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டில் போய் நின்றது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து, பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மாரெட்பள்ளியில் எங்கள் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த கூடத்தின் மேடைக்குப் பின்னால், கம்ப்யூட்டர் மானிட்டர்கள் வந்த பெரிய அட்டைப்பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஒரு வண்டி நின்றது. அதற்குச் சக்கரம் கிடையாது. சைக்கிள் கடையில் வாங்கிய சிவப்பு ரிஃப்ளெக்டர்கள் அதன் இரண்டு பக்கமும் கண்களைப் போல மின்னிக்கொண்டிருந்தன. அதில் ஏறிக்கொண்டு நான் பழைய கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்துச் சிறைக்குப் போய், விஷம் குடிக்க இருந்த சாக்ரடீஸை எங்கள் காலத்துக்கு அழைத்து வர வேண்டும். சாக்ரடீஸ் வேஷம் போட்டிருந்தவர் என் அப்பா.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நாங்கள் மல்லாபூரில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரும்புப் பெட்டிகளும் அலமாரிகளும் செய்து பெயிண்ட் அடித்து அனுப்புகிற தொழிற்சாலை அது. அப்பா பெயிண்ட் ஷாப்பில் சூப்பர்வைசர். ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் வீட்டுக்குள் அந்த ஊர்த் தமிழ்தான். ஆனால் நான் பிறந்ததும் படித்ததும் ஹைதராபாத்தில். அம்மா தமிழில் கூப்பிட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவேன், கோபம் வந்தால் தெருப்பிள்ளைகளிடம் கற்ற உருது, வேண்டாம் என்பதற்கு "நக்கோ", எதற்கு என்பதற்கு "கைக்கு" எல்லாம் வாயில் வந்து விழும். தமிழ் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் நாடகத்தில் என்னுடைய வசனங்களை எல்லாம் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எழுதிக் கொடுத்தவர் தாமோதரன் மாமா. உறவில்லை, சங்கத்தில் எல்லோரும் மாமாதான். அந்த நாட்களில் சங்கத்தில் இரண்டு விதமான குடும்பங்கள் இருந்தன. மல்லாபூர், லாலாகுடா பக்கம் ஆலைகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து முப்பது வருஷமாக ஊறிப்போனவர்கள் ஒரு சாரார், ஐ.டி. வேலைக்காக நேற்று வந்து இறங்கிய இளம் தம்பதிகள் இன்னொரு சாரார். முதலாமவர்கள் நாற்காலி அடுக்குவார்கள், சாம்பார் வாளி தூக்குவார்கள்; இரண்டாமவர்கள் மைக் பிடிப்பார்கள். தாமோதரன் மாமா சென்னையிலிருந்து வந்தவர், இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களின் வருஷக் கணக்கில் வரப்போவதாகச் சொல்லப்பட்ட கோளாறைச் சரி செய்கிற வேலையில் இருந்தவர். ராக்கெட், வேற்றுக்கிரகம், காலப்பயணம் என்று கதைகள் எழுதுவார். அவற்றில் ஒன்றிரண்டு அச்சிலும் வந்திருந்தன.

அவருடைய நாடகத்தின் கதை இதுதான். எதிர்காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாற்றுப் பாடத்தில் சாக்ரடீஸின் மரணத்தைப் படிக்கிற ஒரு பெண், அது அநியாயம் என்று பொறுக்காமல், பள்ளியின் கால வண்டியை எடுத்துக்கொண்டு அவரைக் காப்பாற்றக் கிளம்பிவிடுகிறாள். சிறையில் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவள் வண்டியைக் காட்டுகிறாள். அவர் அந்த வண்டியைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி, அவளைப் பற்றி ஒன்று மாற்றி ஒன்றாகக் கேள்வி கேட்கிறார். கடைசியில், நான் உன்னோடு வந்துவிட்டால் எனக்கு யாரும் விஷம் கொடுக்கவில்லை என்று ஆகும், அப்படியானால் என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றியே இருக்காதே, பிறகு நீ எப்படி இங்கே வந்து நிற்கிறாய் என்று கேட்டுவிட்டு, அவளைத் தனியாகத் திருப்பி அனுப்புகிறார். நான் இந்த இடத்தில் ஒன்றும் புரியாமல் மாமாவைப் பார்த்தேன். "புரியலையா? எனக்கும் முழுசா புரியல மங்கை. அதுதான் இந்தக் கதைகளோட மஜாவே" என்றார்.

சாக்ரடீஸுக்கு ஆள் தேடியபோது நடந்தது எல்லோருக்கும் சிரிப்பு. அந்தக் கிழவர் பார்க்க அழகாக இருக்க மாட்டார், சப்பை மூக்கு, முன்வழுக்கை, தொப்பை, செருப்பில்லாத கால் என்று மாமா விவரித்துக்கொண்டே வர, கூடத்தில் இருந்தவர்களின் தலைகள் ஒவ்வொன்றாக அப்பாவின் பக்கம் திரும்பின. அப்பா அப்போதுதான் நாற்காலி அடுக்குவதற்காகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

"சண்முகம் சாரே, உமக்கு மேக்கப் செலவே இல்லவே" என்றார் ரயில்வேக்காரர் ஒருவர்.

"மூக்குக்குன்னு ஒரு வேலை கெடச்சிருக்கு. அத வேண்டாங்கக் கூடாதுல்லா" என்றார் அப்பா. அதிகம் பேசாதவர். ஆனால் அன்று எல்லோரும் சிரித்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்று எனக்குத் தெரிந்தது. அது தசராவுக்கு முன்னால்.

தசரா முடிந்த வாரத்தில் தொழிற்சாலையில் யாதகிரி இறந்துபோனார்.

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அப்பா அம்மாவிடம் சொன்னதையும், பின்னால் அவரே என்னிடம் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். பெயிண்ட் ஷாப்பில் இரும்புச் சாமான்களை முக்கி எடுக்கிற ஒரு பெரிய தொட்டி உண்டு. மேலே மூடி, அதில் ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு வட்டமான வழி. அதற்கு "மேன்ஹோல்" என்று பெயர். அவ்வப்போது பெயிண்டை வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடை ஓர் ஆள் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். உள்ளே தின்னர் ஆவி நிறைந்திருக்கும். ஆகவே முதலில் புளோயரைப் போட்டுக் காற்றை மாற்றி, இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஓர் ஆள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, சூப்பர்வைசர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறங்கலாம் என்று விதி. அன்று புளோயரின் மோட்டார் எரிந்துவிட்டது. லாரி சரக்குக்காக வாசலில் நிற்கிறது, வேலையை முடித்துவிடு என்று தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர், எல்லோருக்கும் ஜி.எம்., போனில் சொன்னார். அப்பா சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியான யாதகிரி, "ரெண்டு நிமிஷால பனி சார்", இரண்டு நிமிஷ வேலைதானே சார் என்று சிரித்துவிட்டு, கயிறும் இல்லாமல் அந்த வட்டத்துக்குள் காலை விட்டு இறங்கினார். அப்பா தொட்டியின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியவர் தானாக ஏறி வரவில்லை.

பிறகு விசாரணை என்று ஒன்று வந்தது. அதில் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்விதான்: யாதகிரி இறங்கும்போது சூப்பர்வைசர் எங்கே இருந்தார்? கேன்டீனில் டீ குடிக்கப் போயிருந்தேன் என்று அப்பா சொன்னால், அந்த ஆள் யாரையும் கேட்காமல் தானாக இறங்கிச் செத்தான் என்று கோப்பை மூடிவிடலாம். அங்கேதான் இருந்தேன் என்று சொன்னால், பார்த்துக்கொண்டு நின்ற குற்றத்துக்கு அப்பாவின் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். போனில் உத்தரவு போட்ட ஜி.எம்.முக்கு இரண்டிலும் ஒன்றும் ஆகாது. போனில் பேசியதற்குச் சாட்சி ஏது?

ஜி.எம்.மும் தமிழர்தான், சங்கத்தின் புரவலர், குழந்தைகள் எல்லோருக்கும் "ஜி.எம். அங்கிள்". கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது, வரும்போதெல்லாம் எனக்குச் சாக்லேட் கொண்டுவருவார். ஒரு மாலை எங்கள் வீட்டுக்கே வந்து, காபி குடித்துக்கொண்டே, "சண்முகம், உனக்கும் பொம்பளப் பிள்ளை இருக்கு. போனவன் போயிட்டான். இருக்கிறவங்களைப் பாரு. டீ குடிக்கப் போனேன்னு சொல்றது ஒரு பாவமா?" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவும் அதையேதான் சொன்னாள். அவள் சொல்லாத நாளில்லை. சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, ஏதோ உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்பாள்.

"கேன்டீன்ல இருந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னத்த கொறஞ்சு போவீக?"

"கொறய ஒண்ணுமில்ல."

"பின்ன சொல்லுதேன்னு சொல்லுங்க."

"விசாரணைக்கு இன்னும் நாளிருக்குல்லா."

"நாளு இருக்குன்னு சொல்லியே நீங்க என்னய கொல்லுதீக."

விசாரணை பொங்கலுக்குப் பின் என்று தள்ளிப்போனது. அப்பா வழக்கம்போல் வேலைக்குப் போனார், வந்தார். இரண்டு முறை யாதகிரியின் மனைவி லட்சுமம்மா வீட்டுக்கு அரிசி வாங்கிப் போய்க் கொடுத்தார். அந்த அம்மாள் அப்பாவைக் கடவுள் மாதிரி பார்த்தாள். தன் புருஷன் யாருமில்லாத நேரத்தில் இறங்கிவிட்டான் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா கேன்டீனில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நாங்கள் அதே வீட்டில், அதே பள்ளிக்கூடத்தோடு இருக்க வேண்டும். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் ஒத்திகை நடந்தது. ஒத்திகையைப் பார்க்க வந்த சங்கக் கமிட்டிக்கு முடிவு பிடிக்கவில்லை. புது நூற்றாண்டின் முதல் பொங்கல் விழாவில், தலைமை விருந்தினர் முன்வரிசையில் இருக்கும்போது, ஒரு கிழவர் சாகப்போவதாகத் திரையை இறக்குவதா என்று கேட்டார்கள். சாக்ரடீஸ் வண்டியில் ஏறி ஹைதராபாத்துக்கு வர வேண்டும், இங்கே ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும், அதன் பின் பிள்ளைகள் எல்லோரும் ஆட வேண்டும். தாமோதரன் மாமா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, எழுதுகிறவர்களுக்கே உரிய பலவீனத்தோடு, புதுக் காட்சியை முதல் காட்சியைவிட நன்றாக எழுதிவிட்டார். காவலாளி விஷக் கோப்பையை நீட்டும்போது எதிர்காலத்துப் பெண் நடுவில் புகுந்து "நக்கோ!" என்று கத்துவாள், ஒத்திகையிலேயே எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். நேர்முகத் தேர்வில், "எத்தனை வருஷம் அனுபவம் இருக்கு?" என்று கேட்டால் சாக்ரடீஸ், "இரண்டாயிரத்து நானூறு" என்பார். "என்ன தெரியும்?" என்றால், "ஒன்றும் தெரியாது" என்பார். "அப்போ மேனேஜர் வேலைக்கு எடுத்துக்கலாம்" என்பார் தேர்வு செய்கிறவர்.

அப்பா இந்த மாற்றத்துக்கு ஒரு வார்த்தை மறுப்பு சொல்லவில்லை. புது வசனத்தை மனப்பாடம் செய்தார். சாப்பிடும்போது கூட, "இரண்டாயிரத்து நானூறு" என்று தனக்குள் சொல்லிப் பார்ப்பார். அம்மாவின் முகத்தில் தெளிவு வந்தது. எனக்கும் அப்படித்தான். மேடையில் வண்டி ஏறித் தப்பிக்கிறவர் விசாரணையிலும் தப்பித்துக்கொள்வார் என்று நான் ஏனோ முடிவு கட்டிக்கொண்டேன். "வாருங்கள் ஐயா, பயப்படாதீர்கள். உள்ளே உங்களுக்கு இடம் இருக்கிறது" என்பது அவரை ஏறச் சொல்லி நான் பேச வேண்டிய வசனம். அதை நான் வேண்டுதல் மாதிரி வீட்டில் நடந்துகொண்டே சொன்னேன்.

ஒத்திகைகளில் வண்டி கிடையாது. இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, அதுதான் வண்டி என்று வைத்துக்கொண்டோம். அப்பா வந்து நாற்காலியில் உட்காருவார், விளக்கை அணைப்பார்கள். அசல் வண்டியைத் தாமோதரன் மாமா தன் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து விழாவுக்கு முதல் நாள்தான் செய்து முடித்து, டெம்போவில் ஏற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். உயரமான வண்டி. ஏறுவதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல். கதவு வைத்தால் அட்டை தளர்ந்து சரிந்துவிடும் என்பதால், வழியை மேற்புறத்தில் வைத்திருந்தார்கள். விண்கலம் மாதிரி இருக்க வேண்டும் என்று, அதைப் பெரிய தாம்பாளத்தை வைத்து வரைந்து அழகான வட்டமாக வெட்டியிருந்தார்கள். விளிம்பு முழுவதும் வெள்ளிப் பெயிண்ட். அவர்களில் யாரும் ஒரு பெயிண்ட் ஷாப்பின் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இல்லை. மல்லாபூரில் ஒரு விபத்து நடந்தது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

நாடகம் நன்றாகவே தொடங்கியது. வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றிக்கொண்டு, காலை நீட்டி, சப்பை மூக்கோடு அப்பா உட்கார்ந்திருந்த அழகுக்கே கைதட்டல் விழுந்தது. என் "நக்கோ!"வுக்குக் கூடம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஜி.எம். அங்கிள் தொடையைத் தட்டிச் சிரித்ததை நான் பார்த்தேன். கேள்விகள் கேட்கும் பகுதியில் அப்பா ஒரு சொல் தவறவில்லை.

பிறகு நான் வண்டியில் ஏற வேண்டிய இடம் வந்தது. ஸ்டூலில் ஏறி, வட்டத்துக்குள் காலை விட்டு, இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றி உள்ளே இறங்கினேன். உள்ளே பெயிண்ட் வாசனை கண்ணைக் கரித்தது. தலைக்கு மேலே வட்டமாக வெளிச்சம். அதற்குள் அப்பாவின் முகம் வந்தது. ஸ்டூலில் ஏறி நின்று என்னைக் குனிந்து பார்த்தார். நான் என் வசனத்தைச் சொன்னேன்.

"வாருங்கள் ஐயா, பயப்படாதீர்கள். உள்ளே உங்களுக்கு இடம் இருக்கிறது."

அப்பா அசையவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து தாமோதரன் மாமா அவருடைய அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுத்தார்: "இதோ வருகிறேன் மகளே." மறுபடி, இன்னும் உரக்க எடுத்துக்கொடுத்தார். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். மேலே அப்பாவின் முகத்தில் வேர்வை வழிந்து பவுடரைக் கரைத்துக்கொண்டு வந்ததை நான் கீழிருந்து பார்த்தேன். அந்தக் கண்கள் என்னைப் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை. பயந்துபோய், நாடகத்தைக் காப்பாற்றுவதற்காக, அதே வசனத்தை இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன்.

"ஏட்டி, வெளிய வா" என்றார் அப்பா.

நாடகத் தமிழ் இல்லை. எங்கள் வீட்டுத் தமிழ்.

"வெளிய வான்னு சொல்லுதேன்லா! வா! ஏறு!"

அவர் இடுப்புவரை வட்டத்துக்குள் கவிழ்ந்து, என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, என்னை இழுத்தார். அட்டை கிழிந்தது. ரிஃப்ளெக்டர்கள் உருண்டு மேடையில் ஓடின. என்னை வெளியே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் மேடையின் நடுவில் வேட்டி அவிழ்ந்த நிலையில் நின்று மூச்சு வாங்கினார். புதிதாக வந்த குடும்பங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. சாக்ரடீஸ் அந்தப் பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வதும் நாடகத்தின் வேடிக்கை என்று நினைத்து விசில் கூட அடித்தார்கள். கூடத்தின் வலப்பக்கம் மல்லாபூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அந்த வட்டம் தெரியும். ஜி.எம். அங்கிள் தன் கையில் இருந்த அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையை இறக்கினார்கள். நேர்முகத் தேர்வுக் காட்சி நடக்கவில்லை. பிள்ளைகளின் நடனம் நடந்தது.

நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். ஸ்கூட்டரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். தார்நாகா தாண்டியபோது அம்மா அவர் முதுகைப் பார்த்து, "நடிக்கத்தானே சொன்னாக" என்றாள்.

அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"நடிச்சிட்டுத்தான் இருந்தேன். அவ தலை உள்ள போச்சு பாத்தியா" என்றார். வண்டியை மறுபடி கிளப்பிக்கொண்டே, "ஒரு கைய நீட்டுனா எட்டிருக்கும். அவனயும் அப்படித் தூக்கிருக்கலாம்" என்றார்.

அந்த வாரம் விசாரணையில் அப்பா, நான் தொட்டியின் மேல்தான் நின்றேன், அவன் இறங்குவதைப் பார்த்தேன், தடுக்கவில்லை என்று சொன்னார். ஜி.எம். போன் செய்ததையும் சொன்னார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மேடையில் நடந்ததைப் பார்த்த பிறகு அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் மல்லாபூரில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று அம்மா பிற்காலத்தில் சொல்லுவாள்; தன்னைத் தேற்றிக்கொள்ள அவளுக்கு அது வேண்டியிருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்ப வேண்டியவர்கள் கோப்பை மூட வேண்டியவர்கள் மட்டும்தான். அவர்கள் சந்தோஷமாக நம்பியிருப்பார்கள்.

அப்பாவை முதலில் தற்காலிகமாக நிறுத்தினார்கள், பிறகு நிரந்தரமாக. குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்த நாளில் லட்சுமம்மா வந்தாள். அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பா எழுந்து நாற்காலியை நகர்த்தினார், அவள் உட்காரவில்லை.

"மீரு அக்கடே உன்னாரா சார்?" என்று கேட்டாள். நீங்கள் அங்கேயேதான் இருந்தீர்களா.

அப்பா தலையை அசைத்தார்.

"நுவ்வு சூஸ்தூ நிலபட்டாவா?" நீ பார்த்துக்கொண்டு நின்றாயா.

இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் அவளுடைய "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது. அவள் கத்துவாள், அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். அப்பா அதற்குப் பின்னும் ஒருமுறை அரிசி கொண்டு போனார். அவள் கதவைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது நடந்த சாவு என்று பதிவானதால், நெடுநாள் அலைந்து அவளுக்கு நஷ்டஈடு கிடைத்தது. கேன்டீன் பொய்யைச் சொல்லியிருந்தால் அது கிடைத்திருக்காது என்று வக்கீல் ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அதைக் கேட்டு அப்பா மகிழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

லாலாகுடாவில் ஓர் அறையும் சமையலறையுமாக வீடு பார்த்துக்கொண்டு போனோம். அம்மா டைலர் கடைக்குக் கொக்கியும் பொத்தானும் வைத்துக் கொடுத்தாள். நான் பள்ளிக்கூடம் மாறினேன். சில வருஷங்களுக்குப் பின் நகரத்தின் மேற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களாக எழும்பியபோது, அப்பாவுக்கு அவற்றில் ஒன்றில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போவார். நீலச் சட்டை, தொப்பி. உள்ளே போகிற கார்களுக்குச் சலாம். கமிட்டி ஆசைப்பட்டபடி சாக்ரடீஸ் ஐ.டி. கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார், வாசல் வரைக்கும். அங்கே நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆட்கள் வருகிற நாட்களில் மட்டும் அவர் வாசலை விட்டுவிட்டு அதன் வாயருகில் போய் உட்கார்ந்துகொள்வாராம். கயிறு கட்டாமல் யாரையும் இறங்க விடமாட்டாராம். அந்தச் சண்டையில் இரண்டாவது முறை வேலை போயிற்று. இன்னொரு கட்டடத்தில் வேலை பார்க்கும்போது, பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்தார். நான் அப்போது முதல் சம்பளம் வாங்கியிருந்தேன்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. தொட்டி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள், கீழே பிள்ளைகள் நீந்துகிற குளம். மாரெட்பள்ளிக் கூடத்தை இடித்துவிட்டுத் துணிக்கடை கட்டியிருக்கிறார்கள். சங்கம் ஒரு வாட்ஸ்அப் குழுவாக மிஞ்சியிருக்கிறது. அதில் காலை வணக்கமும் இரங்கல் செய்தியும் வரும். லட்சுமம்மா எங்கே போனாள் என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. ஜி.எம். அங்கிள் நன்றாக வாழ்ந்து, எண்பது வயதில் காலமானார். குழுவில் நானும் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்.

தாமோதரன் மாமா மறு வருஷமே அமெரிக்கா போய்விட்டவர். சென்ற மாதம், அந்தக் குழுவில் என் எண்ணைக் கண்டு, போன் செய்தார்.

"மங்கை, அந்த சாக்ரடீஸ் டிராமா ஞாபகம் இருக்கா? இங்க நம்ம பசங்களுக்கு மறுபடி போடுறோம். பாவம் உங்கப்பா, டயலாக் மறந்துட்டு உன்னையே தூக்கிட்டுப் போயிட்டாரே. இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருதும்மா."

"அவர் மறக்கல மாமா" என்றேன்.

பிறகு அவருக்குத் தொட்டியைப் பற்றியும், அதன் மேலிருந்த வட்டத்தைப் பற்றியும், யாதகிரியைப் பற்றியும் சொன்னேன். பின்னணியில் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கிற இரைச்சல் கேட்டது.

"அப்ப நான் அதை மேல வெச்சது..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார்.

"அங்க வண்டி செஞ்சாச்சா மாமா?"

"செஞ்சாச்சு."

"வழி எங்க வெச்சிருக்கீங்க?"

"மேலதாம்மா. அப்பத்தான் விண்கலம் மாதிரி இருக்கும்னு..."

"பக்கவாட்டுல வெச்சிருங்க மாமா. சரிஞ்சாலும் பரவாயில்ல."

சரி என்றார். யாரிடமோ கத்தி எங்கே என்று கேட்டார். அட்டை அறுபடுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் போனை வைக்கவில்லை.